அடிச்சாம்பல் நோய் பூஞ்சையா? புரோட்டிஸ்டுகள், பூஞ்சைகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைக் கேட்டிருப்பவர் பிளஸ் ஒன் மாணவி. புரோட்டிஸ்டுகளின் பண்புகள் என்ன, பூஞ்சைகளின் பண்புகள் என்ன, இரண்டையும் எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பது கேள்வி. கூடவே ஒரு சந்தேகம்: ஊமைசீட்ஸ் என்ற வகுப்பைப் பாடநூல் பூஞ்சைகளோடு சேர்க்கிறது, வேறு இடங்களில் படித்தால் அது பூஞ்சையே அல்ல என்கிறார்கள், எதை நம்புவது?

சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த முடிச்சு அவிழ்ந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

நான் தாவர நோயியல் கற்பித்தவன். பல ஆண்டுகளுக்கு முன்பு கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருந்த ஒருவர் என்னைப் பந்தலுக்குள் அழைத்துப்போனார். "சாம்பல் நோய்க்கு இரண்டு முறை மருந்து அடித்துவிட்டேன் சார், கேட்கவே இல்லை" என்றார். கடையில் கொடுத்திருந்தது ஹெக்சகோனசோல். நல்ல மருந்துதான். ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். மேற்புறத்தில் எண்ணெய் சொட்டி ஊறியதுபோல மஞ்சள் திட்டுகள். இலையைத் திருப்பினால் அந்தத் திட்டுகளுக்கு நேர் கீழே வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. சாம்பல் நோய் என்றால் இலையின் மேலேயே மாவு தூவியதுபோல் இருக்கும். விரலால் துடைத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். இது அடிச்சாம்பல் நோய். பெயரில் 'அடி' என்ற இரண்டெழுத்துதான் கூடுதல். இரண்டையும் உண்டாக்கும் உயிரிகளுக்கு இடையே உள்ள தூரமோ, மனிதனுக்கும் தென்னை மரத்துக்கும் உள்ள தூரத்துக்குக் குறைந்ததல்ல.

சாம்பல் நோயை உண்டாக்குவது எரிசிஃபே என்னும் உண்மையான பூஞ்சை. நம் செல்சவ்வில் கொலஸ்டிரால் இருப்பதுபோல் பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டீரால் இருக்கிறது. ஹெக்சகோனசோல் வகை மருந்துகள் அந்த எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுத்துத்தான் பூஞ்சையைக் கொல்கின்றன. அடிச்சாம்பலை உண்டாக்கும் பிளாஸ்மோபரா விட்டிகோலா ஓர் ஊமைசீட்ஸ். அது எர்கோஸ்டீராலைத் தயாரிப்பதே இல்லை. எரியாத அடுப்பில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? மெட்டலாக்சில் என்ற மருந்து இதற்கு நேர்மாறு: அடிச்சாம்பலைக் கட்டுப்படுத்தும், சாம்பல் நோயைத் தொடாது. அடிச்சாம்பலுக்கு மிகப் பழைய மருந்து போர்டோ கலவை. 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு. 1885இல் பிரான்சில் மில்லார்டே இதை அறிவித்தது இதே பிளாஸ்மோபராவை ஒழிக்கத்தான்.

ஆக, ஊமைசீட்ஸ் பூஞ்சை அல்ல என்பதே சரி. பின்னே ஏன் இவ்வளவு காலம் பூஞ்சைகளோடு வைத்திருந்தார்கள்? பார்ப்பதற்கு அப்படியே பூஞ்சைதான். இழை இழையாக வளரும், வித்துகளை உண்டாக்கும், உணவை உறிஞ்சும். சுறாவும் ஓங்கிலும் (டால்பின்) ஒரே வடிவத்தில் இருப்பதால் ஓங்கில் மீனாகிவிடாது அல்லவா, அந்தக் கதைதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது. ஊமைசீட்ஸின் செல்சுவரில் பெரும்பாலும் செல்லுலோசும் குளுக்கனும். பூஞ்சை இழையின் உட்கரு பொதுவாக ஒருமயம், அதாவது குரோமோசோம் தொகுதி ஒன்றுதான். இவற்றின் இழையில் இருமயம், இரண்டு தொகுதிகள். இவற்றின் இயங்குவித்துக்கு, அதாவது நீந்திப் போகும் வித்துக்கு, இரண்டு கசையிழைகள் உண்டு, ஒன்று வழுவழுப்பான சாட்டை, மற்றொன்று இருபுறமும் மயிர் முளைத்தது. இந்த மயிர் முளைத்த கசையிழைதான் குலத்தின் அடையாளம். அதே அடையாளம் பழுப்புப் பாசிகளின் இனப்பெருக்கச் செல்களிலும் இருக்கிறது. மண்டபம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் கட்டக்கோரை, அதாவது சர்காசம், இந்த அடிச்சாம்பலின் பங்காளி. 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்து ஏறத்தாழ 10 லட்சம் பேரைப் பட்டினியால் சாகடித்த ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் இன்னொரு பங்காளி. நம் ஊரில் பாக்கில் அழுகல், மிளகில் வாடல் என்று மழைக்காலத்தில் வந்து நிற்பதும் இந்த ஃபைட்டோஃப்தோராவின் இனங்கள்தான்.

இப்போது முதல் கேள்வி. புரோட்டிஸ்டா என்பது என்ன?

வீட்டுச் செலவுக் கணக்கில் அரிசி, பால், மின்கட்டணம் என்று எழுதிவிட்டு, எதிலும் சேராததைக் கடைசியில் 'இதர' என்று போடுவோமே, அதுதான் புரோட்டிஸ்டா. இதைச் சொன்னால் சில ஆசிரியர்களுக்குக் கோபம் வரும், ஆனால் வரலாறு இதைத்தான் சொல்கிறது. லின்னேயஸ் 1735இல் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பிரித்தார். நுண்ணோக்கியில் தெரிந்த சிற்றுயிர்கள் இரண்டிலும் அடங்கவில்லை. யூக்ளினாவை வெளிச்சத்தில் வைத்தால் பச்சையமிருந்து தாவரம்போல் உணவு தயாரிக்கிறது, இருட்டில் வைத்தால் வெளியிலிருந்து உணவு எடுத்துக்கொள்கிறது. அதை எந்தப் பக்கம் வைப்பது? 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இவற்றுக்கெல்லாம் புரோட்டிஸ்டா என்ற மூன்றாவது உலகத்தை ஏற்படுத்தினார். பாக்டீரியாவையும் அதிலேயே போட்டிருந்தார். 1969இல் விட்டேக்கர் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்தபோது பாக்டீரியாக்கள் மொனிராவுக்குப் போயின. பூஞ்சைகள் தனி உலகம் பெற்றன. உட்கரு உள்ள ஒருசெல் உயிரிகள் புரோட்டிஸ்டாவில் தங்கின. விட்டேக்கர் பெரிதும் பார்த்தது உடல் அமைப்பையும் உணவு முறையையும். தயாரிப்பது தாவரம், விழுங்குவது விலங்கு, உறிஞ்சுவது பூஞ்சை. உறிஞ்சுகிற ஊமைசீட்ஸ் பூஞ்சைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது இப்படித்தான். தொழிலைப் பார்த்துச் சாதி சொன்ன வகைப்பாடு அது. இன்றைய வகைப்பாடு டி.என்.ஏ.வைப் பார்த்து வம்சாவளி கேட்கிறது.

ஆகவே புரோட்டிஸ்டுகளின் பொதுப் பண்புகள் என்று எழுதும்போது கொஞ்சம்தான் எழுத முடியும். மெய்யுட்கரு உண்டு. பெரும்பாலானவை ஒருசெல் உயிரிகள். பெரும்பாலும் நீரில், ஈர மண்ணில், அல்லது பிற உயிரிகளின் உடலுக்குள் வாழ்பவை. கசையிழை, குறு இழை, போலிக்கால் இவற்றில் ஏதோ ஒன்றால் நகரும், சில நகராது. உணவு முறையில் எல்லா வகையும் உண்டு. இதற்கு மேல் எந்தப் பண்பைச் சொன்னாலும் விதிவிலக்கு வந்து நிற்கும்.

பாடநூல்கள் இவற்றைப் பிரிப்பது வாழ்க்கை முறையை வைத்து: தாவரம்போன்றவை (டயாட்டம், டைனோஃபிளாஜெல்லேட், யூக்ளினா), விலங்குபோன்றவை (அமீபா, பாரமீசியம், டிரிப்பனோசோமா, பிளாஸ்மோடியம்), பூஞ்சைபோன்றவை (சளிப்பூஞ்சைகள்). மனப்பாடத்துக்கு எளிது. ஆனால் உறவு முறைப்படி பார்த்தால் இந்தச் சுவர்கள் எல்லாம் இடிந்துவிடுகின்றன, அங்கேதான் சுவாரசியம் இருக்கிறது.

பிளாஸ்மோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியாக் கிருமி. 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் மனித இரத்தத்தில் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். கல்லீரலிலும் இரத்தச் சிவப்பணுக்களிலும் வாழும் முழு ஒட்டுண்ணி, 'விலங்குபோன்றது' என்றுதான் எல்லோரும் எழுதுவோம். ஆனால் அதன் செல்லுக்குள் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது, பெயர் ஏப்பிகோபிளாஸ்ட். நான்கு சவ்வுகள் சூழ்ந்த அது, ஒளிச்சேர்க்கையை மறந்துபோன ஒரு பசுங்கணிகம், அதாவது தாவர செல்லில் பச்சையத்தை வைத்திருக்கும் உறுப்பு! எப்போதோ இதன் மூதாதை ஒரு சிவப்புப் பாசியை உள்ளே வாங்கிக்கொண்டதன் மிச்சம். பச்சையம் போய்விட்டது, ஆனால் கிருமிக்குத் தேவையான சில பொருள்களை அது இன்னும் தயாரிப்பதால் கைவிட முடியவில்லை. டாக்சிசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்தாக இருந்தும் மலேரியாவுக்கு வேலை செய்வதற்கு இதுவே காரணம். பசுங்கணிகம் எதுவானாலும் அதன் ஆதி ஒரு பாக்டீரியாதான்.

பிளாஸ்மோடியத்தின் நெருங்கிய உறவினர்கள் யார் தெரியுமா? கடலில் மிதக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் குளத்துப் பாரமீசியமும். மூன்றுக்கும் செல்சவ்வுக்கு அடியில் தட்டையான பைகளின் வரிசை உண்டு. அதனால் ஆல்வியோலேட்டுகள் என்று பெயர். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். அது நாக்டிலூகா என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் வேலை. மன்னார் வளைகுடாவில் இதுவே பச்சை நிறத்தில் கடலை மூடும். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். பச்சை நிறம் அதன் சொந்த நிறமல்ல, உடலுக்குள் குடியிருக்கும் வேறொரு சிறு பாசியின் நிறம். அது பெருகிச் சாகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்குகின்றன.

யூக்ளினாவின் உறவும் இப்படித்தான் திகைக்கவைக்கும். குளத்துப் பச்சை நீரில் துள்ளும் அந்தச் சாதுவின் பங்காளிகள், ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமாவும் காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியாவும். லீஷ்மேனியாவின் கதையில் சென்னைக்குப் பங்கு உண்டு. 1903இல் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் நோயாளிகளின் மண்ணீரலில் இந்தக் கிருமியைப் பார்த்தார்; அதே ஆண்டு லீஷ்மனும் இங்கிலாந்தில் அதை விவரித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர் ராஸ்.

டயாட்டங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கா ஓடு, சோப்பு டப்பாவும் மூடியும்போல இரண்டு பாதிகள். செத்துப் படிந்த ஓடுகள்தான் டயாட்டம் மண். ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை அதில் ஊறவைத்து டைனமைட் செய்தார். இவையும் கட்டக்கோரையும் ஊமைசீட்ஸும் ஒரே குலம், ஸ்டிரமனோபைல்கள்.

சளிப்பூஞ்சை மழைக்காலத்தில் மட்கிய கட்டையில் மஞ்சள் கூழாகப் படர்ந்திருக்கும். பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அமீபாவின் உறவு. இதை எப்படி உறுதியாகச் சொல்வது என்றால், அது உணவை விழுங்குகிறது. பூஞ்சை எதுவும் விழுங்காது. மூளையும் நரம்பும் இல்லாத இந்தக் கூழை 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் இடங்களில் ஓட்ஸ் வைத்து வளரவிட்டார்கள். ஓட்ஸை இணைத்து அது போட்ட பாதைகள் அங்குள்ள ரயில் பாதைகளுக்குச் சளைக்காதவையாக இருந்தன.

இனி பூஞ்சைகள். இங்கே நிலைமை வேறு. ஊமைசீட்ஸையும் சளிப்பூஞ்சையையும் வெளியே அனுப்பிவிட்டால், மீதியுள்ளவை ஒரே மூதாதையிலிருந்து வந்த உண்மையான குடும்பம். அதனால் பொதுப் பண்புகளைத் தைரியமாக எழுதலாம்: கைட்டின் செல்சுவர், எர்கோஸ்டீரால் உள்ள செல்சவ்வு, சேமிப்புப் பொருள் கிளைக்கோஜன், பசுங்கணிகம் கிடையாது, உறிஞ்சி உண்ணுதல், வித்துகளால் பரவுதல். உடல் இழைகளால் ஆனது. ஓர் இழை ஹைஃபா, இழைகளின் தொகுப்பு மைசீலியம். ஈஸ்ட் போன்ற சில மட்டும் ஒற்றைச் செல்லாக வாழ்கின்றன.

உறிஞ்சி உண்ணுதல் என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிறோம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது அது. ஈரமான ரொட்டித் துண்டை மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பஞ்சு, பிறகு பஞ்சின் நுனிகளில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ரைசோபஸ். நாம் சாப்பிட்ட பிறகு வயிற்றில் செரிக்கிறோம்; பூஞ்சை முதலில் செரித்துவிட்டுப் பிறகு சாப்பிடுகிறது. இழை நுனியிலிருந்து நொதிகளை ரொட்டிக்குள் கசியவிடும், மாவுச்சத்து சர்க்கரையாகக் கரையும், அந்தச் சாற்றை உறிஞ்சியபடியே இழை முன்னேறும். பஞ்சு தெரிகிற இடத்தை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டு மீதியைத் தின்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: கண்ணுக்குத் தெரியாத இழைகள் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும்.

இன்னொரு செய்தி மாணவர்களை எப்போதும் அதிரவைக்கும். காளான் காய்கறிக் கடையில் விற்கிறது, ஆனால் காளானுக்கு நெருங்கிய சொந்தம் கத்தரிக்காய் அல்ல, நாம்தான். விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே கிளையில் பிரிந்தவை என்பதை 1993 முதல் மரபணு ஒப்பீடுகள் காட்டிவருகின்றன. கைட்டின் நண்டு ஓட்டில் இருக்கிறது, கிளைக்கோஜன் நம் கல்லீரலில் இருக்கிறது. பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கும் இந்தச் சொந்தம் ஒரு காரணம். நம்மைத் தொடாமல் அதை மட்டும் தாக்க எர்கோஸ்டீரால், செல்சுவர் போன்ற சில இலக்குகளே கிடைக்கின்றன.

பூஞ்சைகளின் பிரிவுகளுக்கு வருவோம். கைட்ரிட்கள் மிகப் பழமையான கிளைகளில் ஒன்று. இவற்றின் இயங்குவித்துக்குப் பின்னால் ஒரே ஒரு கசையிழை (நம் விந்தணுவுக்கும் அப்படியே). உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் தோல் நோய் இவற்றில் ஒன்றால் வருகிறது. சைகோமைசீட்ஸ் என்று நீங்கள் படிக்கும் வகுப்பை 2016இல் மியூக்கோரோமைகோட்டா, சூபேகோமைகோட்டா என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ரைசோபஸும் மியூக்கரும் முதல் பிரிவில். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பயமுறுத்திய 'கருப்புப் பூஞ்சை' இந்தக் கூட்டம்தான். பூஞ்சை கறுப்பல்ல, அது இரத்தக் குழாய்களை அடைத்ததால் செத்துப்போன நம் திசுதான் கறுப்பு. வேளாண் கடையில் வேர் உட்பூசணம் என்று விற்கும் வாம், பயிர் வேருக்குள் குடியிருந்து மண்ணிலிருந்து பாஸ்பரஸை எடுத்துத் தருகிறதே, அதுவும் இதற்கு நெருங்கிய உறவு.

ஆஸ்கோமைசீட்ஸ் எல்லாவற்றிலும் பெரிய கூட்டம். ஒரு பையில் பொதுவாக எட்டு வித்துகள். ஈஸ்ட், பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ், நம் திராட்சையின் சாம்பல் நோய் எல்லாம் இங்கே. இட்லி மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே முக்கிய வேலை லியூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுடையது.

பசிடியோமைசீட்ஸில் காளான், துரு நோய், கரிப்பூட்டை நோய். குண்டாந்தடி போன்ற செல்லின் நுனியில் பொதுவாக நான்கு வித்துகள். விரிந்த காளான் குடையைக் காம்பு நீக்கிக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிய தாளின் மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் செதில்களின் வரிசை அப்படியே வித்துப்பொடியால் அச்சாகியிருக்கும். அந்தப் பொடியின் நிறம் காளான் வகையை அறிய முக்கியமான சான்று. கோதுமைத் துருவைப் பற்றிப் படிக்கும்போது கே.சி. மேத்தாவின் ஆய்வையும் தேடிப் படியுங்கள்; சமவெளியின் கோடையில் மடிந்துபோகும் துரு வித்துகள் மலைகளில் பிழைத்துத் திரும்புகின்றன என்று காட்டியவர். அந்த மலைகளில் நீலகிரியும் பழனி மலையும் அடக்கம்.

டியூட்டிரோமைசீட்ஸ் பூஞ்சைகளின் 'இதர' கணக்கு. பாலினப்பெருக்கம் கண்ணில் படாதவற்றை எல்லாம் 'நிறைவுறாப் பூஞ்சைகள்' என்று இதில் போட்டார்கள். இவற்றை வித்து உருவாகும் விதத்தைக் கொண்டு ஒழுங்குபடுத்த முயன்றவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன் முக்கியமானவர். டி.என்.ஏ. வந்தபின் இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்கோமைசீட்ஸ் என்று தெரிந்தது. ஒரே பூஞ்சையின் பாலின நிலைக்கு ஒரு பெயர், பாலிலா நிலைக்கு ஒரு பெயர் என்று வைக்கும் வழக்கம் 2013 முதல் சட்டப்படி முடிந்துவிட்டது. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியையும் சொல்ல வேண்டும். பெயரில்தான் பாசி, அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். வகைப்பாட்டில் லைக்கனின் பெயராக நிற்பது பூஞ்சையின் பெயர்தான்.

வெளியே போனவர்களைச் சொன்னேன், உள்ளே வந்தவர்களும் உண்டு. பட்டுப்புழுவுக்கு வரும் பெப்ரின் நோய்க் கிருமியான நோசிமாவை நாங்கள் புரோட்டோசோவா, அதாவது விலங்குபோன்ற புரோட்டிஸ்ட், என்றுதான் படித்தோம். 1860களில் பாஸ்டர் அதை ஆராய்ந்து, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை ஏற்படுத்தினார். பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் இன்றும் அதுதான் சோதனை. அந்த நோசிமா இப்போது பூஞ்சைகளின் பக்கம் வந்துவிட்டது. நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸும் அப்படியே, 1988இல் இடம் மாறியது.

தேர்வில் என்ன எழுதுவது? உங்கள் பாடநூல் ஊமைசீட்ஸைப் பூஞ்சையில் வைத்திருந்தால் வகைப்பாட்டு அட்டவணையை அப்படியே எழுதுங்கள். கீழே ஒரு வரி: 'செல்லுலோஸ் செல்சுவர், இரு கசையிழை இயங்குவித்து ஆகியவற்றால் தற்போது இவை ஸ்டிரமனோபைல்களில் சேர்க்கப்படுகின்றன.' மதிப்பெண் குறையாது.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இதையும் செய்து பாருங்கள். நான்கைந்து எள்ளை வேகவைத்து, குளத்து நீர் ஊற்றிய தட்டில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில நாட்களில் எள்ளைச் சுற்றி வெள்ளை இழைகள் ஒளிவட்டம்போல் நிற்கும். நீர்ப்பூசணம் என்று சொல்லப்படும் ஊமைசீட்ஸ் பெரும்பாலும் அதில் இருக்கும். ஓர் இழையை ஊசியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் விட்டு, நுனியை மட்டும் பொறுமையாகக் கவனியுங்கள். கதாயுதம்போல் தடித்த நுனி திடீரெனத் திறக்கும். உள்ளிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி நீந்திப் போகும். கசையிழைகளை எண்ணப் பள்ளி நுண்ணோக்கி போதாது, நீச்சல் மட்டும் நன்றாகத் தெரியும்.